ஒற்றை மேடு

கோமுகி அணையைத் தாண்டிக் கல்வராயன் மலைப்பாதையில் ஏறினால் கொஞ்ச தூரத்திலேயே கைபேசி செத்துவிடும். பல வளைவுகள் கழித்து ஓரிடத்தில் அதற்குத் திடீரென்று உயிர் வரும். அங்கே சாலையோரச் சுவர் உட்காரத் தோதாக இருப்பதால், மலை ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் வண்டியை நிறுத்திப் பேசிவிட்டுப் போவார்கள். திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போன கணவர்களோடு பேசும் பெண்கள், கடுக்காய் மூட்டைக்கு விலை பேசும் ஆண்கள், சும்மா ஊர்க்கதை பேசுகிறவர்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வது அந்த இடத்து மரியாதை. எல்லாமே காதில் விழும். விழாத மாதிரி நிற்க வேண்டும். என் கல்யாண வாழ்க்கையில் பெரும்பகுதி அந்த வளைவில்தான் நடந்தது, சுற்றிலும் நாலைந்து பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க.

நான் மலைமேல் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியன். வீடு அடிவாரத்தில், வடக்கனந்தலில். வீட்டில் அம்மாவும் நானும்தான். என் மனைவி ஜெர்மனியில் ஓர் ஆய்வகத்தில் இருந்தாள். பள்ளி விட்டு நான் மலை இறங்கும் நேரம் அங்கே அவளுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். வீட்டுக்கு வந்தும் பேசலாம், பேசுவோம். ஆனால் வீட்டில் அம்மா பக்கத்திலேயே இருப்பாள். அதனால் என் மனைவி, "இன்னாங்க, சாப்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பாள். வளைவில் நான் தனி. அங்கே, "இன்னாப்பா, துன்னியா?" என்பாள். எனக்கு அந்த இரண்டாவது ஆள்தான் வேண்டும்.

அவள் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால் விளக்கிச் சொல்ல எனக்கு ரொம்ப ஆசை. யாரும் கேட்பதில்லை; சம்பளம் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். நம் உடம்பில் இருக்கும் புரதம் என்பது ஒரு நீளமான சங்கிலி. அது தன் மேலேயே மடிந்து, தனக்கென்று ஓர் உருவம் எடுத்த பிறகுதான் வேலை செய்கிறது. ஆய்வகத்தில் நாம் செய்யும் பாலிமரும் நீளமான சங்கிலிதான். ஆனால் அதற்கு மடியத் தெரியாது. சிக்கு விழுந்த நூல் மாதிரி கிடக்கும். அந்தச் சங்கிலி நெடுக அங்கங்கே வேதியியல் கொக்கிகளை மாட்டி, ஒரு கொக்கி அதே சங்கிலியின் இன்னொரு கொக்கியைப் பிடிக்கும்படி செய்தால், சங்கிலி சுருண்டு மடிந்து ஒரு சின்னஞ்சிறு துகளாகும். துகளின் நடுவில் ஒரு குழி, குழிக்குள் ஒரு செம்பு அணு. எல்லாம் சரியாக அமைந்தால் அது தண்ணீரில் நின்றுகொண்டு, உயிருள்ள உடம்பில் ஒரு நொதி செய்கிற வேலையைச் செய்யும். உயிரே இல்லாத ஒரு பொருள் அப்படிச் செய்வதைப் பார்க்கத்தான் அவள் அவ்வளவு தூரம் போனாள்.

இதில் முக்கியமான நிபந்தனை, சங்கிலிகள் ஒன்றையொன்று நெருங்கக் கூடாது. நெருங்கினால் ஒன்றின் கொக்கி இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும். மொத்தமும் ஒட்டிக் களியாகிவிடும். அதனால் ஏராளமான கரைப்பானில் துளியூண்டு பாலிமரைக் கரைத்து, ஒவ்வொரு சங்கிலியையும் தனியாக விட்டுவிட வேண்டும். தனியாக இருந்தால்தான் அது தன்னைத் தானே பிடித்து மடியும். இதை வைத்துப் பிரிவைப் பற்றி நாலு வார்த்தை தத்துவமாகப் பேசலாம் என்று தோன்றும். என் கூட வேலை பார்க்கும் தமிழாசிரியர் பேசியே விட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. தனியாக விட்டால் பாலிமர் மடியும். மனுஷன் ராத்திரிச் சோறு இறங்காமல் இளைப்பான், அவ்வளவுதான்.

அம்மாவுக்கும் ஒருமுறை விளக்கினேன். தண்ணீர் கம்மியாக வைத்தால் ஜவ்வரிசியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது இல்லையா, அப்படி ஒட்டாமல் மணி மணியாக நிறுத்தும் வேலை என்றேன்.

"இதுக்கா அவ்ளோ தூரம் போயிக்கினு கீறா? சின்னசேலத்தாண்ட ஜவ்வரிசி மில்லு எத்தினி கீது, அங்க வேல குடுக்க மாட்டானா?" என்றாள்.

அன்று மாலை இதை என் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கைபேசி கீழே விழுந்து, கொஞ்ச நேரம் எனக்கு ஜெர்மனியின் விட்டம்தான் தெரிந்தது.

நாங்கள் இருவரும் சென்னையில் ஒரே ஆய்வகத்தில் படித்தவர்கள். அவள் திருநாவலூர்க்காரி. நான் யாரிடமோ 'எங்க வூட்ல' என்று சொல்ல, திரும்பிப் பார்த்து, "உங்க வூடு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். அதுதான் முதல் பேச்சு. இரண்டாவது பேச்சு சண்டை. அது ஒரு சின்ன பழுப்பு பாட்டிலுக்காக நடந்தது.

அந்தப் பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கிலி மடிந்து துகளான பிறகும், ஜோடி கிடைக்காத கொக்கிகள் சில வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை ஒரு மருந்து சேர்த்து மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் பிற்பாடு துகளும் துகளும் பிடித்துக்கொள்ளும். அந்த மருந்துதான் பழுப்பு பாட்டிலில் இருந்தது. விலை கூடுதல், சொல்லிவிட்டால் வந்து சேர மாதக்கணக்காகும். ஆய்வகம் முழுவதற்கும் ஒரே பாட்டில். முறைப்படி பார்த்தால் அதை நிறையக் கரைப்பான் இருக்கும்போதே சேர்க்க வேண்டும். ஆனால் அவ்வளவு கரைப்பானுக்குப் பாட்டிலில் பாதி போய்விடும். அதனால் எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். முதலில் குடுவையைச் சுழற்றிக் கரைப்பானை ஆவியாக்கும் கருவியில் மாட்டிக் குறைத்துவிடுவோம். அந்தக் கருவியை ரோட்டா என்போம். கொஞ்சமாகக் குறைந்த பிறகு ஒரு சொட்டு மருந்து விட்டால் போதும். நாங்கள் அப்போது பயன்படுத்திய கொக்கிகள் மந்தமானவை. குறைக்கிற நேரத்துக்குள் ஒன்றையொன்று பிடித்துவிடாது. யாரும் எதையும் யோசிக்காமல் வருஷக்கணக்காக அப்படித்தான் செய்தோம். பாட்டிலின் கடைசிச் சொட்டு யாருக்கு என்பதில்தான் எனக்கும் அவளுக்கும் சண்டை. அவள் ஜெயித்தாள். அடுத்த பாட்டில் வரும்வரை நான் வேலையில்லாமல் அவள் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த மாதங்களைப் போல எனக்கு வேறு மாதங்கள் வாய்க்கவில்லை.

படிப்பு முடிந்து கல்யாணம் ஆனபோது எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. அவளுக்கு ஜெர்மனி கிடைத்தது. ஒருவராவது நிலையான சம்பளத்தில் இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்தோம். அந்த முடிவில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாலிமரை மடிப்பதில் எங்கள் இருவரில் பைத்தியமாக இருந்தவன் நான். பன்னிரண்டாம் வகுப்புக்கு நைலானையும் பேக்கலைட்டையும் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டுத் திரும்பும்போது, என் கை ஒரு குடுவையைத் தேடும். வகுப்பில் ஒருவன் தூங்குவான், ஒருத்தி ஜன்னல் வழியே மூடுபனியைப் பார்ப்பாள். நானும் அந்தப் பனியைத்தான் பார்ப்பேன். எனக்கு அவளும் வேண்டும், அவள் நிற்கிற இடமும் வேண்டும். இரண்டில் எது அதிகம் என்று கேட்டால் அன்றன்றைக்குத் தகுந்த மாதிரி சொல்வேன்.

அவள் ஸ்கூட்டர் வீட்டு முன்னால் நின்றது. பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கிளப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பேன். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள், "சார், வண்டிய வித்துடுங்களேன், எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் கேட்டுக்கினு இருக்கான்" என்றார். அதற்குப் பிறகு அவரோடு ரொம்ப நாள் சரியாகப் பேசவில்லை. அவர் செய்த தப்பு என்ன என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

போன குளிர்காலத்தில் ஒருநாள் வளைவில் நிற்கும்போது அவள் சொன்னாள்.

"மார்ச்சோட காண்ட்ராக்ட் முடியுது. இது மடிஞ்சுதுன்னா புரொபசர் இன்னும் ரெண்டு வருஷம் குடுப்பாராம். மடியலன்னா பொட்டிய கட்டிக்கினு வந்துட வேண்டியதுதான்."

"மடியுமா?"

"எங்க மடியுது? ரெண்டு மேடாவே வருது."

மேடு என்பது அவர்கள் கருவியில் வரும் வரைபடம். சங்கிலி ஒழுங்காகத் தன்னில் மடிந்தால் சிறுத்துப்போகும். வரைபடத்தில் ஒரே ஒரு மேடு, முன்பிருந்த இடத்திலிருந்து வலப்பக்கம் நகர்ந்து நிற்கும். சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்திருந்தால் இடப்பக்கம் இன்னொரு மேடு முளைக்கும். அவளுக்கு ஒவ்வொரு தடவையும் இடப்பக்க மேடு முளைத்தது. சில தடவை குடுவைக்குள் கண்ணாலேயே பார்க்கிற மாதிரி களி கட்டிக்கொண்டது. முகம் சுண்டிப்போய் அதைக் கைபேசியில் காட்டுவாள். நான் 'அய்யோ' என்பேன். உள்ளுக்குள் எங்கோ ஒருவன் மார்ச் மாதத்தை எண்ணிக்கொண்டிருப்பான். அவனை நான் விரட்டவும் இல்லை, உட்கார வைத்து உபசரிக்கவும் இல்லை.

தை பிறந்த பிறகு ஒரு மாலை. வளைவில் சிக்னல் நன்றாக இருந்தது. அவள் சாப்பிடப் போகாமல் ஆய்வகத்திலேயே இருந்தாள்.

"இரு, நீயும் பாரு. இன்னிக்கி எல்லாத்தையும் பாத்து பாத்து பண்ணியிருக்கேன்" என்று கைபேசியை எதிலோ சாய்த்து வைத்தாள்.

பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். தலையைக் கொண்டையாக முடிந்து, அதில் ஒரு பேனாவைச் செருகியிருந்தாள். சென்னையிலும் அப்படித்தான் செருகுவாள். பெரிய குடுவையைத் தூக்கி ரோட்டாவில் மாட்டினாள். குடுவை சுழல ஆரம்பித்தது. நான் அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் அவளுக்குப் பின்னால் மேசைமேல் இருந்த பழுப்பு பாட்டிலைப் பார்த்தேன். பாட்டில் கழுத்தில் சுற்றிய ஒட்டுத்தாள் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

"கேப் பண்ணிட்டியா?" என்று கேட்டேன். கொக்கிகளை மூடுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"கொறச்சிட்டு பண்ணுவேன்" என்றாள், எப்போதும் போல.

அதற்குள் யாரோ அவளைக் கூட்டத்துக்குக் கூப்பிட, கையசைத்துவிட்டு வைத்துவிட்டாள்.

எனக்கு விளங்கிவிட்டது. அவள் இப்போது பயன்படுத்தும் இந்தப் புதுக் கொக்கிகள் வேகமானவை; அவளே சொல்லியிருக்கிறாள். நிறையக் கரைப்பானில் சங்கிலிகள் அழகாகத்தான் மடிந்திருக்கும். மூடாமல் குறைக்கக் குறைக்கத் துகள்கள் நெருங்கி, நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கிகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. அப்புறம் மருந்து விட்டு என்ன பிரயோஜனம்? அவள் செய்முறையில் 'மடி, குறை, மூடு' என்று எல்லாம் இருக்கும். படிக்கிறவர்களுக்கு வரிசை உறுத்தாது. அந்த ஊரில் அலமாரி நிறைய அந்த மருந்து இருக்கிறது. அதை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றியே இருக்காது. எங்கள் ஆய்வகத்தில் வளர்ந்த கைக்குத்தான் தோன்றும். எந்தச் சொட்டுக்காக என்னோடு சண்டை போட்டாளோ, அந்தச் சொட்டை அவள் கை இன்னமும் காப்பாற்றிக்கொண்டிருந்தது. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கைபேசியைப் பார்த்தபடியே நின்றேன். பக்கத்தில் நின்ற ஜீப் டிரைவர், "இன்னா சார், டவர் கட்டாயிடுச்சா? இந்தாண்ட வாங்க" என்று தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். பரவாயில்லை என்று சொல்லி வண்டியைக் கிளப்பினேன்.

இறங்குகிற வழியெல்லாம் ஒரே நினைப்புதான். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். பொய் சொல்ல வேண்டாம், தடுக்க வேண்டாம், வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். மார்ச்சில் அவள் வந்துவிடுவாள். கள்ளக்குறிச்சியில் ஏதாவது கல்லூரியில் வேலை கிடைக்கும். சாயங்காலம் நான் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஏதாவது கத்துவாள். நான் கேட்பது அவ்வளவுதானே. உலகத்தில் எத்தனையோ பேருக்குச் சும்மா கிடைக்கிறதுதானே.

அணைக்கரையில் வண்டியை நிறுத்தினேன். தண்ணீர் குறைந்து, கரை ஓரம் சேறு வெடித்திருந்தது. மரவள்ளி ஏற்றிய லாரி ஒன்று முக்கிக்கொண்டு போனது. அவள் வந்துவிட்டதாகவே நினைத்துப் பார்த்தேன். வந்து, ஸ்கூட்டரில் கல்லூரி போய், திரும்பி வந்து சமையலறையில் நிற்கிறாள். அவள் கண்ணில் அந்த இரண்டு மேடு. எதனால் முளைத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியும். அந்த வீட்டில் என்னால் ஒரு வாய் சோறு தின்ன முடியாது.

நான் நல்லவன் என்பதால் சொன்னதாக நினைக்க வேண்டாம். தப்பு எங்கே என்று தெரிந்துவிட்ட பிறகு அதைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. விடைத்தாள் திருத்தும்போதும் அப்படித்தான். அதற்கும் மேல், அது மடிவதை நானும் பார்க்க வேண்டும் என்றிருந்தது. அவளைக் கூப்பிட்டேன். கூட்டத்திலிருந்து வெளியே வந்து எடுத்தாள்.

"இன்னாப்பா, இப்பதான பேசன?"

"கேப் பண்ணிட்டு கொற."

"இன்னா?"

"மொதல்ல கேப் பண்ணு. அப்புறமா கொற. கொறக்கும்போதே புடிச்சிக்குது."

"அவ்ளோ கரைப்பான்ல ஊத்தினா பாட்டில்ல பாதி போயிடும்ப்பா."

"போவட்டும். அலமாரில இன்னும் கீதுல்ல?"

அவள் மூச்சு விடுவது கேட்டது.

"ச்சே" என்றாள் மெதுவாக. "நான் ஒரு லூசு."

"லூசு இல்ல. நம்ம லேப் பழக்கம்" என்றேன்.

அவள் வைத்துவிட்டாள். உடனே ஓடியிருப்பாள், எனக்குத் தெரியும்.

புதுச் சங்கிலி தயார் செய்து, மடித்து, மூடி, குறைத்து, கருவியில் கொடுத்து முடிவு வர நாளாகும். அந்த நாட்களில் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. குளிர் எப்படி, அம்மாவின் முழங்கால் எப்படி என்று பேசினோம். நான் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று ஒரு மனசும், சரியாக இருக்க வேண்டும் என்று ஒரு மனசும் அடித்துக்கொண்டன. பள்ளியில் காரணமில்லாமல் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன்.

ஒரு மாலை வளைவில் நின்றபோது படம் ஒன்று வந்தது. சிக்னல் மோசம், வெகு நேரம் மங்கலாகவே கிடந்து, பிறகு தெளிந்தது. வெள்ளைத் தாளில் ஒரு கறுப்புக் கோடு. ஒரே மேடு. வலப்பக்கம் நகர்ந்து, ஒடுங்கி, அவ்வளவு சுத்தமாக நின்றது. இடப்பக்கம் கோடு தரையோடு தரையாகப் போனது. சென்னையில் இருந்த காலமெல்லாம் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. சந்தோஷம் வந்தது, அதை மறைக்க மாட்டேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பு அடங்குவதற்குள்ளேயே கணக்கும் வந்துவிட்டது. இரண்டு வருஷம்.

அவள் கூப்பிட்டாள்.

"பாத்தியா?"

"பாத்தேன். சூப்பரா கீது."

"தெரிஞ்சுதான சொன்ன?" என்றாள்.

"தெரிஞ்சுதான்."

"சொல்லாம வுட்டிருந்தா மார்ச்சுல வந்திருப்பேன்ல?"

"வந்திருப்ப."

"இன்னாத்துக்குப்பா சொன்ன?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். 'இன்னாத்துக்கு, இன்னாத்துக்கு' என்று அதையே சொன்னாள். எனக்கும் அழுகைதான் வந்தது. பேசுவதற்காக என் பின்னால் காத்திருந்த ஒரு பெண், பலாப்பழத்தைச் சுவர்மேல் வைத்துவிட்டு, ஏற்கெனவே திரும்பி நின்றவள் இன்னும் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

"நீ இல்லாம எனக்கு முடியல" என்றேன். கல்யாணமாகி இத்தனை நாளில் அதை நான் அப்படி நேராகச் சொன்னதில்லை.

"எனக்கு மட்டும் முடியுதா?" என்றாள்.

இருவரும் வைக்காமல் அப்படியே இருந்தோம். பிறகு சிக்னல் போய்விட்டது.

மடிந்தால் இரண்டு வருஷம், மடியாவிட்டால் மார்ச் என்ற நிபந்தனை எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. மருமகளுக்கு அங்கே வேலை சரியாக வரவில்லை, அதனால் கவலையாக இருக்கிறாள் என்பது மட்டும்தான் தெரியும். வீட்டுக்குப் போனபோது அம்மா கூடத்தில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். மருமகளின் வேலை நல்லபடியாக ஆகிவிட்டது என்று சொன்னேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ஆயிடுச்சா? மாரியாத்தா கண்ண தொறந்துட்டா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வெளக்கு வெச்சி வேண்டிக்கினு இருந்தேன்டா. அந்தப் பொண்ணு போன வேல சீக்கிரமா ஆவட்டும், வூடு வந்து சேரட்டும், ஒனக்குப் பொங்க வைக்கிறேன்னு சொல்லிக்கினேன். எப்ப வரா?"

நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். வேலை ஆனதால் இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள் என்று சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"வேல ஆவாம இருந்தா?"

"மார்ச்சுல வந்திருப்பா."

அம்மா என்னையே பார்த்தாள்.

"அப்ப நான் தப்பா வேண்டிக்கினேனாடா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன். "சரியாத்தான் வேண்டிக்கின."

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், வேண்டிக்கொண்டபடி பொங்கல் வைத்தோம். அடுப்பை நான்தான் மூட்டினேன்.